கொல்லுகிற இடத்தில் தேடினோம்

நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்த கிருமியைத் தட்டில் வளர்த்து, அதை எந்த மருந்து கொல்லும் என்று பார்த்துச் சொல்வது. என் பணிக்காலம் முழுக்க நான் செய்த வேலை இதுதான். மதுரையில் ஒரு பெரிய மருத்துவமனையின் நுண்ணுயிரியல் லேபில் டெக்னீஷியனாக இருந்து, போன வருடம் ஓய்வு பெற்றேன்.

சில வாரங்களுக்கு முன்னால் கார்த்திகா போன் செய்தாள். என் இடத்துக்கு வந்திருக்கும் பெண். "அக்கா, புது மெஷின் வந்துருக்கு. ஒரு நாள் வந்து பாருங்களேன்" என்றாள். போய்ப் பார்த்தேன். பீரோ போல வெள்ளையாக ஒரு பெட்டி. கிருமியைக் கரைத்து ஒரு அட்டையில் ஏற்றி உள்ளே சொருகிவிட்டால், அதன் பெயரையும் அதற்குக் கேட்கும் மருந்துகளையும் அதுவே அச்சடித்துத் தருகிறது. நாங்கள் இரண்டு மூன்று நாள் காத்திருந்து சொன்னதை அது ஒரே நாளில் சொல்லிவிடுகிறது. அழகான மெஷின். குறை சொல்ல ஒன்றுமில்லை.

கார்த்திகா கேட்டாள்: "இது இல்லாம நீங்கள்லாம் எப்படிக்கா சமாளிச்சீங்க?"

இரக்கப்பட்டுத்தான் கேட்டாள். எனக்கு அந்த இரக்கம் தேவைப்படவில்லை. நாங்கள் சமாளித்துக்கொண்டு இருக்கவில்லை. நன்றாகவே வேலை செய்தோம். அதில் ஒன்றிரண்டு காரியங்கள் இன்றைக்கும் நினைத்தால் நெஞ்சு நிமிர்கிற மாதிரியானவை. அவளுக்கு அன்று நின்றபடியே பாதியைச் சொன்னேன். மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் அவனியாபுரத்துப் பெண். எங்கய்யா விவசாயி, வீட்டில் எப்போதும் ஒரு ஜல்லிக்கட்டுக் காளையாவது நிற்கும். பள்ளிக்கூடம் முடித்து லேப் டெக்னீஷியன் படிப்பில் சேர்ந்தபோது, "பிள்ளை டாக்டருக்குப் படிக்குது" என்று தெருவெல்லாம் சொல்லி வைத்தார். நானும் திருத்தவில்லை. வேலையில் சேர்ந்த புதிதில் கண்ணாடித் தட்டுகளைக் கழுவினேன், வேகவைத்தேன், கழுவினேன். பிறகு தட்டில் ஊற்றும் கூழைக் காய்ச்சக் கற்றுக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் கிருமியைத் தொட விட்டார்கள்.

அந்த வேலை எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். கடற்பாசியிலிருந்து எடுத்த பொருளைக் காய்ச்சி, தட்டில் ஊற்றி ஆறவிட்டால் வெளிறிய டீ நிறத்தில் ஜெல்லி போல உறையும். அதன் மேல் கிருமி கரைத்த நீரைப் பஞ்சுக் குச்சியால் ஒரு இடம் விடாமல் பூச வேண்டும். ஒரு பக்கமாகப் பூசி, தட்டைத் திருப்பி மறுபடி பூசி, இன்னொரு முறை திருப்பிப் பூச வேண்டும். பிறகு மருந்தில் ஊறிய சிறு வட்டக் காகிதங்களை இடுக்கியால் எடுத்து, ஒன்றுக்கொன்று தள்ளி வைத்து, லேசாக அழுத்திவிட வேண்டும். வைத்ததை நகர்த்தக் கூடாது. தட்டைக் கவிழ்த்து, உடம்புச் சூட்டில் இருக்கும் அடைகாப்புப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

மறுநாள் காலையில் தட்டு முழுக்கக் கிருமி புல் போல முளைத்திருக்கும். மருந்துக் காகிதத்தைச் சுற்றி மட்டும், மருந்து வேலை செய்தால், தெளிவான ஒரு வளையம் வெறுமையாக இருக்கும். வளையத்தை ஸ்கேலால் அளப்போம். போதிய அகலம் இருந்தால் அந்த மருந்துக்கு நேரே 'எஸ்' என்று எழுதுவோம். கேட்கும் என்று அர்த்தம். காகிதத்தை ஒட்டியே கிருமி வளர்ந்திருந்தால் 'ஆர்', கேட்காது. அந்த ஒரு எழுத்தைப் பார்த்துத்தான் மேலே வார்டில் டாக்டர் ஊசியைத் தேர்ந்தெடுப்பார்.

எங்கள் துறைக்கு டாக்டர் மெஹருன்னிசா தலைவராக வந்தபோது எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து பெரியவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். மேடம் என்னைவிடச் சில வயது மூத்தவர். மதுரைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர்; அவர் வீட்டார் துணி வியாபாரம். தனக்கென்று கொடுத்த அறையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அடைகாப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டுக்கொள்வார். காலையில் பெட்டியைத் திறக்கும் முன் வாய்க்குள் "பிஸ்மில்லா" சொல்வார். ஒவ்வொரு தட்டையும் ஜன்னலுக்கு நேரே தூக்கி, சாய்த்து, இன்னொரு பக்கம் சாய்த்துப் பார்ப்பார். அதற்குள் யாராவது பேசினால் கையை மட்டும் உயர்த்துவார். குரலை உயர்த்தியதே இல்லை.

அவர் லேபில் ஒரு வார்த்தைக்கு இடமில்லை. 'பழகிடுச்சு' என்ற வார்த்தை. "மேடம், இந்தக் கிருமி மருந்துக்குப் பழகிடுச்சு" என்று யார் சொன்னாலும், படிக்க வந்த டாக்டராக இருந்தாலும் சரி, "திருப்பிச் சொல்லுங்க" என்பார். எப்படிச் சொல்ல வேண்டும் என்பதைச் சொல்லித் தரமாட்டார். சரியாக வரும்வரை காத்திருப்பார்.

நான் ஒரு நாள் மாட்டிக்கொண்டேன். "பழகாம எப்படி மேடம்? முன்னாடி இந்த மருந்துக்குச் செத்துச்சு, இப்பச் சாகலை. பழகித்தானே போச்சு?" என்றேன்.

அவர் முக்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். "பாண்டீஸ்வரி, உங்கய்யா மாடு வச்சிருக்காருல்ல? கன்னுக்குட்டி பொறந்தா எதை வச்சுக்குவாரு?"

"துடியா இருக்கிறதை. திமிலு நல்லா ஏறி நிக்கிறதை."

"மத்தது?"

"வித்துருவாரு."

"அப்புறம் அந்தத் துடியான மாட்டுக்குப் பொறக்கிற கன்னு?"

"அதுவும் பெரும்பாலும் துடியாத்தான் இருக்கும்."

"உங்கய்யா கன்னுக்குட்டியை உக்கார வச்சுத் துடிப்புச் சொல்லிக் குடுத்தாரா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இல்ல மேடம். அது பொறக்கும்போதே இருக்கிறதுதான்."

"அம்புட்டுதான். உங்கய்யா எதையும் மாத்தலை. இருக்கிறதுல பொறுக்கினாரு. இங்க உங்கய்யா இடத்துல மருந்து உக்காந்திருக்கு."

பரிணாமக் கொள்கை தொடங்கிய இடமும் அதுதான் என்றார். கப்பலில் உலகத்தைச் சுற்றி வந்த அந்த ஆங்கிலேயர், ஊர் திரும்பிய பிறகு புறா வளர்ப்பவர்களிடம் போய் உட்கார்ந்து, விதவிதமான புறாக்களை அவர்கள் எப்படி உருவாக்குகிறார்கள் என்று கேட்டாராம். மனிதன் பொறுக்குவதை இயற்கையில் யார் செய்கிறார்கள் என்பதுதான் அவருக்குப் பெரிய கேள்வி. யாரும் உட்கார்ந்து பொறுக்க வேண்டியதில்லை. பிறப்பதெல்லாம் பிழைக்க இடமும் இரையும் இல்லை, அதுவே பொறுக்கிவிடும் என்று கண்டார். அதே காலத்தில் மலாய்த் தீவுகளில் பூச்சி பிடித்துக்கொண்டிருந்த இன்னொருவரும் காய்ச்சலில் படுத்தபடி தனியாக அதையே யோசித்திருக்கிறார். அவர்களுக்கு முன்பு இருந்தவர்கள், ஒட்டகச்சிவிங்கி எட்டி எட்டிக் கழுத்தை நீட்டிக்கொண்டது, நீண்ட கழுத்து குட்டிக்கும் வந்தது என்று நம்பினார்கள். "நீ சொல்ற 'பழகிடுச்சு' அந்தப் பழைய கதை" என்றார் மேடம்.

கேட்க நன்றாக இருந்தது. ஆனாலும் எனக்கு முழுசாக மனம் ஒப்பவில்லை. மாட்டைக் கண்ணால் பார்க்கிறோம். மருந்தே படாத கிருமிக் கூட்டத்தில் மருந்துக்குச் சாகாத ஒன்று முன்கூட்டியே இருக்கும் என்றால் எப்படி நம்புவது? அதை மேடத்திடமே சொன்னேன்.

"நம்பாதே. பாத்துக்க" என்றார்.

அடுத்த வாரம் தன் வீட்டுக் கடையிலிருந்து ஒரு முழம் வெல்வெட் துணி கொண்டுவந்தார். கறுப்பு நிறம். வெளிநாட்டு விஞ்ஞானிகள் வெகு காலத்துக்கு முன் செய்து காட்டிய சோதனை. நாங்கள் எங்கள் மேஜையில் அதைச் செய்தோம். தட்டின் அளவுக்கு ஒரு மரக்கட்டையை வட்டமாகக் கடைந்து வாங்கினேன். வெல்வெட்டைச் சதுரமாக வெட்டி, நீராவியில் வேகவைத்து, கட்டையின் மேல் இழுத்துக் கட்டினேன். மருந்தே இல்லாத தட்டில் நெருக்கமாக வளர்ந்த கிருமியை அந்த வெல்வெட்டின் மேல் கவிழ்த்து லேசாகத் தட்ட வேண்டும். வெல்வெட்டின் பூமயிர் ஒவ்வொன்றும் ஊசி மாதிரி. எந்த இடத்தில் எந்தக் கிருமி இருந்ததோ அதை அப்படியே ஒற்றி எடுக்கும். பிறகு மருந்து கலந்த புதுத் தட்டை அதே திசையில் கவிழ்த்து ஒற்றினால், முதல் தட்டின் நகல் இங்கே விழும். திசை மாறாமலிருக்க இரண்டு தட்டின் விளிம்பிலும் மசியால் கோடு போட்டுக்கொண்டேன்.

முதலில் சில தட்டுகளில் ஒன்றுமே வரவில்லை. மருந்துத் தட்டு துடைத்துவிட்டது போலக் கிடந்தது. பிறகு ஒரு காலையில், ஓரமாக ஒரே ஒரு புள்ளி. மேடம் அதைத் தொடவில்லை. "முதல் தட்டை எடு. அதே இடம்" என்றார். மருந்தைப் பார்த்தே இராத முதல் தட்டில், கோட்டை வைத்து அந்த இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து கொஞ்சம் சுரண்டி எடுத்து மருந்தில்லாமல் வளர்த்தேன். அதை மறுபடி வெல்வெட்டில் ஒற்றினேன். இந்த முறை மருந்துத் தட்டில் நிறையப் புள்ளிகள். மறுபடி முதல் தட்டுக்குப் போய் அதே இடத்தில் எடுத்தேன். இப்படிச் சுற்றிச் சுற்றிச் செய்ததில் கடைசியில் என் கையில் ஒரு கிருமி கிடைத்தது. அதன் வம்சத்தில் ஒன்றுகூட அந்த மருந்தைச் சந்தித்ததில்லை. ஆனால் அந்த மருந்தில் அது செழித்து வளர்ந்தது.

தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். பாடத்தில் படித்ததை நம்புவது வேறு, நாமே கையால் பொறுக்கி எடுத்து வைத்துப் பார்ப்பது வேறு. அந்தச் சமயத்தில் படிக்க வந்த ஒரு பையன் மேடத்திடம், "நீங்க அஞ்சு வேளை தொழுறீங்க. இந்தப் பரிணாமத்தை நம்புறீங்களா மேடம்?" என்று துணிந்து கேட்டான். "இதுல நம்புறதுக்கு என்னப்பா இருக்கு? பாண்டீஸ்வரி கையில இருக்கிற தட்டைப் பாரு" என்றார்.

அந்தத் தட்டில் கற்றது பின்னாடி சில குழந்தைகளின் உயிரைக் காக்கப்போகிறது என்று அன்று எங்களுக்குத் தெரியாது.

பச்சிளங்குழந்தைகள் வார்டிலிருந்து வந்த ரத்தத்தில் ஒரு கிருமி வர ஆரம்பித்தது. பிறந்து சில நாளே ஆன பிள்ளைகள், திடீரென்று பால் குடிப்பதை நிறுத்தி, உடம்பு சில்லிட்டு, துவண்டுபோயின. முதல் தட்டைத் திறந்தபோதே பெயரைச் சொல்லிவிட்டேன். சூடோமோனாஸ். தட்டே பச்சையாக மாறியிருந்தது. அதிலிருந்து கம்பம் பன்னீர் திராட்சையின் வாசனை வந்தது. அந்தக் கிருமிக்கே உரிய வாசனை அது. இப்போது தட்டை முகரக் கூடாது என்று விதி இருக்கிறது; சரியான விதிதான். ஆனால் அப்போது திறந்த மாத்திரத்தில் அறை முழுக்க மணக்கும்.

வாசனைதான் இனிப்பு. நான் வைத்த மருந்துக் காகிதங்களில் பெரும்பாலானவற்றைச் சுற்றி வளையமே இல்லை. ஆர், ஆர், ஆர் என்று எழுதிக்கொண்டே போனேன்.

ஒரு குழந்தை இறந்தது. அடுத்த வாரம் இன்னொன்று. வார்டை மூட வேண்டியிருக்கும் என்று பேச்சு வந்தது. சுற்று வட்டாரத்தில் எங்கே குறைமாதத்தில் பிறந்தாலும் அந்த வார்டுக்குத்தான் தூக்கி வருவார்கள்; அதை மூடினால் அந்தப் பிள்ளைகள் எங்கே போகும்?

நான் பஞ்சுக் குச்சிகளை ஒரு ட்ரேயில் அடுக்கிக்கொண்டு மேலே போனேன். குழாய், வாஷ் பேசின், வார்மர் மெத்தை, ஆக்சிஜன் போகும் நீர்க்குப்பி, சளி உறிஞ்சும் குழாய், பால் புகட்டும் பாலாடை, கதவுக் கைப்பிடி, செவிலியர்களின் விரல் நுனி, எல்லாவற்றிலும் தொட்டு எடுத்தேன். வார்டுப் பொறுப்பாளர் ஸ்டெல்லா சிஸ்டர் என் கூடவே நடந்து வந்தார். பசுமலைக்காரர். அந்த வார்டில் செருப்புத் தடம் ஒன்றைக்கூடப் பொறுக்க மாட்டார். மந்திரி வந்தாலும் கை கழுவாமல் உள்ளே விடமாட்டார் என்று சொல்வார்கள்.

"எடுங்க, நல்லா எடுங்க. என் வார்டுல அழுக்கைக் கண்டுபிடிச்சீங்கன்னா நான் வேலையை விட்டுப் போயிர்றேன்" என்றார். சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. இறந்த குழந்தைகளைத் தாயின் கையில் கொடுத்தது அவர்தான்.

அழுக்கு எங்கேயும் இல்லை. நான் எடுத்த குச்சிகளில் எதிலும் அந்தக் கிருமி வரவில்லை. இரண்டாவது முறையும் எடுத்தேன். அப்போதும் இல்லை.

அன்று மதியம் மேடம் குழந்தைகளின் தட்டுகளை ஜன்னல் ஓரமாக வரிசையாக அடுக்கச் சொன்னார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "பாண்டீஸ்வரி, இதுங்க எல்லாத்துலயும் வளையம் ஒரே மாதிரி இருக்கு பாரு. ஒரே வம்சம். அழுக்குன்னா அதுல நூறு வகை கலந்து கெடக்கும். ஒரு பிள்ளைக்கு ஒண்ணு, இன்னொரு பிள்ளைக்கு வேற ஒண்ணுன்னு வந்திருக்கணும். இது ஒண்ணே ஒண்ணு மட்டும் வருது. மத்ததெல்லாம் செத்துப்போற ஒரு எடத்துலருந்துதான் இது வந்திருக்கணும்" என்றார்.

தட்டுகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே சொன்னார்: "நாம தப்பாத் தேடிட்டிருக்கோம். அழுக்கான எடத்தைத் தேடினோம். கொல்லுற எடத்தைத் தேடணும்."

ஸ்டெல்லா சிஸ்டரைக் கீழே வரச் சொல்லி, அவரை முக்காலியில் உட்காரவைத்து, மேடம் நின்றுகொண்டே கேட்டார்.

"சிஸ்டர், உங்க வார்டுல கிருமியைக் கொல்றதுக்கு என்னென்ன வச்சிருக்கீங்க?"

"பாத்திரத்தைக் கொதிக்க வைக்கிறோம் மேடம். துணியெல்லாம் ஆட்டோக்ளேவ்ல வெந்துதான் வருது. ஊசி போடுற எடத்துக்கு ஸ்பிரிட். அப்புறம் மஞ்ச லோஷன்."

"ஸ்பிரிட் தீந்தா?"

"புது பாட்டில் உடைப்போம்."

"மஞ்ச லோஷன் தீந்தா?"

சிஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதைத் தீரவே விடமாட்டேன் மேடம். பெரிய ஜாடியில கலந்து வச்சிருக்கோம். கொப்பூழ் தொடைக்கிறது, கையை முக்குறது எல்லாம் அதுலதான். பாதிக்கு வந்த ஒடனே தண்ணியும் லோஷனும் ஊத்தி நெரப்பிருவேன். ஒரு நாள்கூட அது காலியா இருந்ததில்ல."

மேடம் என்னைப் பார்த்தார். ஒரு நாளும் காலியாகாத ஜாடி. தண்ணீரோடு எப்போதோ உள்ளே போன கிருமிக் கூட்டத்தில் எல்லாம் செத்திருக்கும். நீர்த்துப்போன லோஷனைத் தாங்கும் சில மட்டும் பிழைத்திருக்கும். அடுத்த நாள் கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் லோஷன். மறுபடியும் தாங்குவது மட்டும் மீதி. எங்கய்யா தொழுவத்தில் செய்ததை அந்த ஜாடி யார் கண்ணிலும் படாமல் செய்துகொண்டிருந்தது.

ஆனால் அது இன்னும் யூகம்தான். லோஷனை அப்படியே எடுத்துத் தட்டில் விட்டால் எதுவும் வளராது. கூடவே வரும் லோஷன் தட்டிலும் தன் வேலையைச் செய்யும், கிருமி உயிரோடு இருந்தாலும் தலைதூக்காது. அதனால் லோஷனின் வீரியத்தை முதலில் முறிக்க வேண்டும். அதற்கு முட்டையின் மஞ்சள் கரு நல்லது. கேன்டீனில் போய் முட்டை வாங்கிவந்தேன். "என்னக்கா, இன்னிக்கு ஆம்லெட்டா?" என்றார் கேன்டீன்காரர். ஓட்டை ஸ்பிரிட்டால் துடைத்து, நுனியைத் தீயில் காட்டி, சுத்தமான ஊசியைக் குத்தி மஞ்சள் கருவை மட்டும் உறிஞ்சினேன். கிருமி வளரும் கரைசலில் அதைக் கலந்து, அதில் ஒரு சின்ன அளவு லோஷனைச் சேர்த்து, நன்றாகக் குலுக்கி, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்து, சொட்டுச் சொட்டாகத் தட்டில் வைத்தேன். கூடவே, அப்போதே புதிதாகக் கலந்த லோஷனையும் இன்னொரு தட்டில் அதே மாதிரி வைத்தேன். என் கையால் ஏதும் தவறு நுழையவில்லை என்பதற்கு அது சாட்சி.

மறுநாள் பெட்டியைத் திறக்கும்போது மேடம் வழக்கமாகச் சொல்வதைக்கூடச் சொல்ல மறந்துவிட்டார். சாட்சித் தட்டு வெறுமையாக இருந்தது. ஜாடித் தட்டில் ஒவ்வொரு சொட்டும் விழுந்த இடத்தில் பச்சை பூத்திருந்தது. திராட்சை வாசனை அறை முழுக்கப் பரவியது. மருந்துக் காகிதங்களை வைத்து அளந்தபோது, குழந்தைகளின் தட்டில் இருந்த அதே வளையங்கள் அதே அளவில் வந்தன.

ஸ்டெல்லா சிஸ்டரைக் கீழே வரச் சொன்னோம். அவரே தட்டை வாங்கிப் பார்த்தார். "நான் கலந்தது" என்றார். முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மேடம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "சிஸ்டர், நெரப்பி வைக்காதீங்கன்னு ஒங்களுக்கு யாரும் சொல்லலை. எந்தச் சுற்றறிக்கையிலயும் இல்ல. நான் இந்தத் துறைக்குத் தலைவர். எனக்கே நேத்துதான் தோணுச்சு. ஜாடி தீரக் கூடாதுன்னு நீங்க நெனச்சது பிள்ளைகளுக்காக. அது எனக்குத் தெரியும்."

சிஸ்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். மேலே போய் அந்த ஜாடியை அவரே தூக்கிவந்து கவிழ்த்தார். பிறகு யாரும் சொல்லாமலே, மருத்துவமனையின் ஒவ்வொரு வார்டாகப் போனார். எல்லா வார்டிலும் அதே மாதிரி ஒரு ஜாடி இருந்தது. அங்கேயும் நிரப்பித்தான் வைத்திருந்தார்கள். "ஊத்துங்க. கழுவி வேக வைங்க. தெனமும் புதுசாக் கலக்கணும், மிச்சத்தைக் கொட்டணும்" என்று ஒவ்வொரு பொறுப்பாளரிடமும் நின்று சொன்னார். ஏன் என்று கேட்டவர்களிடம், மறைக்காமல், தன் வார்டில் நடந்ததையே சொன்னார். நான் பார்த்த தைரியங்களில் பெரியது அதுதான்.

அதே தட்டில் இன்னொரு நல்ல செய்தியும் இருந்தது. ஒரே ஒரு பழைய மருந்து, சிறுநீரகத்துக்கு ஆகாது என்று டாக்டர்கள் ஒதுக்கியிருந்ததால் அதுவரை நாங்கள் வைத்துப் பார்க்காதது, அதன் காகிதத்தையும் இந்த முறை சேர்த்து வைத்திருந்தேன். அதைச் சுற்றி மட்டும் நல்ல வளையம். வார்டில் அப்போது அந்தக் கிருமியோடு போராடிக்கொண்டிருந்தது அழகர்கோவில் பக்கத்துப் பெண் ஒருத்தியின் குழந்தை. நான் குழந்தைகள் டாக்டரை போனில் பிடித்தேன். "இந்த ஒண்ணுதான் சார் கேக்குது." அவர் அளவைக் குறைத்து, சிறுநீரைக் கண்காணித்துக்கொண்டே கொடுத்தார். குழந்தை கண்ணைத் திறந்தது. பால் குடித்தது. அதற்குப் பிறகு அந்த வார்டிலிருந்து அந்தக் கிருமி வரவில்லை.

வீட்டுக்குப் போகும் நாளில் அந்தப் பிள்ளையைப் பார்க்க மாடிக்குப் போனேன். நாங்கள் கீழே இருப்பது நோயாளிகள் யாருக்கும் தெரியாது. தாய் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க யாருக்கா?"

"கீழ லேப்ல இருக்கேன்ம்மா."

"ரத்தம் எடுக்கிறவுகளா?"

"ஆமா" என்றேன். குழந்தை என் விரலைப் பிடித்துக்கொண்டது. அதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்?

இதோடு மேடம் விடவில்லை. ஜாடி செய்ததைத்தான் நாம் வார்டு முழுக்க ஊசியால் செய்துகொண்டிருக்கிறோம் என்றார். காய்ச்சல் என்றாலே போடும் ஒரு ஊசி மருந்து இருந்தது. அதற்கு 'ஆர்' என்று எழுதி எழுதி எனக்குக் கை சலித்துவிட்டது. அதைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைப்போம் என்று டாக்டர்கள் கூட்டத்தில் கேட்டார். தட்டைப் பார்க்காமல் அதைத் தொடக் கூடாது என்றார்.

"கையில இருக்கிற ஆயுதத்தைப் பூட்டி வைக்கச் சொல்றீங்களா?" என்று ஒரு டாக்டர் கோபப்பட்டார்.

"அது ஆயுதமா இப்ப இல்ல சார். மருந்தைத் தாங்குறதுக்குக் கிருமி ஒரு சுமையைத் தூக்கிட்டுத் திரியுது. மருந்து இருக்கிற வரைக்கும் அந்தச் சுமைதான் அதைக் காப்பாத்துது. மருந்தை நிறுத்துனா சுமை வெறும் சுமைதான். சுமை இல்லாத மத்ததுங்க அதை முந்திரும். நடக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். சில கிருமிகிட்ட நடக்காமலும் போகலாம். ஆனா பொறுக்குறதை நாம நிறுத்திப் பாக்கலாமே."

நீண்ட வாக்குவாதம். குழந்தைகள் டாக்டர்தான் முதலில் ஒத்துக்கொண்டார். அவர் பார்த்திருந்தார் அல்லவா.

மாதக்கணக்கில் ஒரு மாற்றமும் இல்லை. நான் அந்தக் காகிதத்தை வைப்பதும் 'ஆர்' எழுதுவதுமாக இருந்தேன். மேடத்துக்கும் ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அப்புறம் ஒரு காலையில், அந்தக் காகிதத்தைச் சுற்றி மெல்லிய வளையம் ஒன்று தெரிந்தது. என் கண்ணை நம்பாமல் புதிதாகத் தட்டு போட்டேன். மறுபடியும் வளையம். அடுத்த நோயாளியின் தட்டில் இல்லை, அதற்கடுத்ததில் இருந்தது. நாள் போகப்போக வளையம் வருகிற தட்டுகள் கூடின, அகலமும் கூடியது. ஒரு நாள், குழந்தைகள் வார்டுத் தட்டு ஒன்றில், ஸ்கேல் தாராளமாகக் காட்டியது.

மேடத்தைக் கூப்பிட்டேன். ஜன்னலுக்கு நேரே தூக்கினார். சாய்த்தார். மறுபக்கம் சாய்த்தார். அவரே ஸ்கேலை வாங்கி அளந்தார். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டி, பேனாவை என்னிடம் நீட்டினார்.

"மேடம், இதுல நீங்கதானே போடணும்?"

"நானும் போடுறேன். நீ முதல்ல போடு. முழுப் பேரா எழுது."

பாண்டீஸ்வரி என்று எழுதினேன். பக்கத்தில் அவர் போட்டார். ரிப்போர்ட் மேலே போன கொஞ்ச நேரத்தில் வார்டிலிருந்து போன் வந்தது. புதிதாகச் சேர்ந்த டாக்டர், குரலில் அவசரம்.

"லேபா? இந்த மருந்துக்கு எஸ்னு போட்டு அனுப்பியிருக்கீங்க. இது இங்க யாருக்குமே கேக்காதுன்னு சொன்னாங்களே. தப்பா எழுதிட்டீங்களா?"

"தப்பு இல்ல சார். தாராளமாக் குடுங்க" என்றேன்.